விசில் பிடிக்க ஆள் வேணும்!

(கால்பந்து நடுவர் வேலை பற்றி ஒரு பாடம்)



நம்ம பள்ளியில் வகுப்புகளுக்கு இடையே நடந்த கால்பந்துப் போட்டி ஆகஸ்ட் மாசம் பாதியிலேயே நின்று போனது உங்கள் எல்லோருக்கும் தெரியும். பந்து கல்லுக்கு உள்ளே போச்சா, கல்லுக்கு மேலே போச்சா என்று ஆரம்பித்த வாய்த்தகராறு கைகலப்பில் முடிந்தது. யார் மேல் தப்பு என்று சொல்வதற்காக நான் இதை எழுத வரவில்லை. அன்றைக்கு 14 பேர் ஆடினார்கள், நூறு பேர் வேடிக்கை பார்த்தார்கள், நடுவர் என்று ஒருத்தர்கூட இல்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

இப்போது உடற்கல்வி சார் ஒரு வழி சொல்லியிருக்கிறார். "விதியைப் படிச்சுட்டு விசில் பிடிக்க ஆறு பேர் வாங்க. பொங்கல் லீவு முடிஞ்சதும் போட்டியை மறுபடி நடத்துவோம்" என்றார். ஆட வருகிறேன் என்று பேர் கொடுத்தவர்கள் நோட்டில் மூன்று பக்கம் இருக்கிறார்கள். விசில் பிடிக்கப் பேர் கொடுத்தவர்கள் ரெண்டே ரெண்டு பேர்.

ஏன் வரவில்லை என்று மூன்று வகுப்புகளில் கேட்டுப் பார்த்தேன். மூன்று பதில்தான் திரும்பத் திரும்ப வந்தது.

1. "எனக்கு விதி எல்லாம் தெரியாதே."
2. "ரெண்டு பக்கமும் திட்டு வாங்கணும். எதுக்கு வம்பு?"
3. "பொண்ணு விசில் ஊதினா பசங்க கேப்பாங்களா?"

இந்த மூன்றுக்கும் பதில் சொல்வதுதான் இந்தப் பாடம். அதற்கு முன்னால் கொஞ்சம் வரலாறு.

நடுவர் எப்படி வந்தார்?

கால்பந்துக்கு 1863-ல் லண்டனில் விதிகளை எழுதினார்கள். ஆச்சரியம் என்னவென்றால், அந்த விதிகளில் நடுவர் என்று ஒருத்தரே கிடையாது! பெரிய மனுஷங்க ஆடுற ஆட்டம், அவங்களே பேசித் தீர்த்துக்குவாங்க என்று நினைத்தார்கள் போல. தீரவில்லை. பிறகு அணிக்கு ஒருத்தர் என்று ரெண்டு பேரை வைத்தார்கள். அவரவர் அணிக்கு அவரவர் பேசினால் எப்படி முடிவு வரும்? அதனால் மூன்றாவதாக ஒருத்தரைக் கோட்டுக்கு வெளியே நிற்க வைத்தார்கள். அந்த ரெண்டு பேரும் ஒத்துப்போகாதபோது மட்டும் இவர் தீர்ப்புச் சொல்வார்.

1891-ல்தான் அந்த மூன்றாவது ஆளை மைதானத்துக்கு உள்ளே கொண்டு வந்து, முடிவு சொல்லும் அதிகாரம் முழுவதையும் அவர் கையில் கொடுத்தார்கள். மற்ற ரெண்டு பேரும் கொடியோடு பக்கக் கோட்டுக்குப் போய் லைன்ஸ்மேன் ஆனார்கள். இப்போது அவர்களுக்குத் துணை நடுவர் என்று பெயர். பெனால்டி கிக் வந்ததும் அதே 1891-ல்தான்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? விதியை எழுதி வைத்தால் மட்டும் போதாது, அதை ஆட்டத்துக்கு நடுவில் நின்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். இதைக் கண்டுபிடிக்கவே அவர்களுக்கு 28 வருஷம் ஆனது. நமக்கு அவ்வளவு நாள் எதற்கு?

முதல் பதில்: "விதி தெரியாதே!"

கால்பந்தில் மொத்தம் 17 விதிகள்தான். நம்ம சமூக அறிவியல் புத்தகத்தில் ஒரு பாடத்தைவிடக் கம்மி. ரொம்ப முக்கியமானதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

(அ) ஆட்டத்துக்கு முன்னால்

நடுவர் வேலை விசில் ஊதுவதற்கு முன்பே ஆரம்பித்துவிடும். மைதானத்தை ஒரு சுற்று நடந்து பார்க்க வேண்டும். கண்ணாடித் துண்டு, நெருஞ்சி முள், குழி எதுவும் இருக்கக் கூடாது. கோல் கம்பம் ஆடாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆடுகிற கம்பம் பிள்ளைங்க மேலே விழுந்துவிடும்.

அடுத்து, ஆடுபவர்களைப் பார்க்க வேண்டும். தோடு, மூக்குத்தி, மோதிரம், வளையல், சங்கிலி, கொலுசு, தாயத்து, கையில் போடுகிற ரப்பர் பேண்டு எதையும் போட்டுக்கொண்டு ஆட விதி ஒத்துக்கொள்ளாது. மேலே பிளாஸ்டர் ஒட்டி மறைத்தாலும் செல்லாது. கழற்றினால்தான் ஆட்டம். இது கண்டிப்பு காட்டுவதற்காக இல்லை. மேலே ஏறி விழுகிற வேகத்தில் தோடு சட்டையில் மாட்டினால் காது கிழிந்துவிடும். காது, மூக்கு குத்திக்கொள்ள நினைக்கிற தங்கைகள் முழுப்பரீட்சை லீவில் குத்திக்கொண்டால் நல்லது, ஆறிவிடும்.

முழங்காலுக்குக் கீழே எலும்பைக் காக்கிற ஷின் கார்டும் விதிப்படி கட்டாயம். நம்மிடம் நாலு ஜோடிதான் இருக்கிறது. இதற்குப் பெற்றோர் ஆசிரியர் கழகம் உதவி செய்தால் நன்றாக இருக்கும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

(ஆ) பந்து உள்ளேயா, வெளியேயா?

நம்ம ஆகஸ்ட் மாசத் தகராறுக்குக் காரணமே இதுதான். விதி ரொம்பச் சுலபம். முழுப் பந்தும் முழுக் கோட்டையும் தாண்டினால்தான் வெளியே. கோலுக்கும் அதே கணக்குத்தான். பந்தின் ஓரம் ஒரு நூல் அளவு கோட்டுக்கு மேலே இருந்தால்கூட அது இன்னும் உள்ளேதான் இருக்கிறது. தரையில் பட வேண்டும் என்று இல்லை, ஆகாயத்தில் தாண்டினாலும் கணக்குத்தான்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு சோதனை. தரையில் சாக்பீஸால் பட்டையாக ஒரு கோடு போடுங்கள். பந்தை அதன் மேலே வைத்து மெதுவாகத் தள்ளிக்கொண்டே போங்கள். பந்துக்கு நேர் மேலே நின்று குனிந்து பாருங்கள். தரையைத் தொடுகிற இடம் கோட்டைத் தாண்டின பிறகும் பந்தின் வயிறு கோட்டுக்கு மேலே நிற்கும். பத்தடி தள்ளி நிற்பவருக்கு அது வெளியே போன மாதிரிதான் தெரியும். அதனால்தான் கோட்டுக்கு நேராக நிற்கிற ஆள் சொல்வதை நம்ப வேண்டும்.

(இ) ஃபவுல்: மூன்று படிகள்

உதைப்பது, காலை வாருவது, தள்ளுவது, பிடித்து இழுப்பது, மேலே பாய்வது, அடிப்பது எல்லாம் ஃபவுல். ஆனால் எல்லா ஃபவுலும் ஒன்று இல்லை. நடுவர் மனசில் மூன்று படி வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் படி, கவனக்குறைவு. பந்தை எடுக்கப் போய்த் தெரியாமல் இடித்துவிட்டான். ஃப்ரீ கிக் மட்டும், அட்டை இல்லை.

இரண்டாம் படி, அடுத்தவருக்கு என்ன ஆகும் என்று யோசிக்காமல் போய் மோதுவது. ஃப்ரீ கிக், மஞ்சள் அட்டை.

மூன்றாம் படி, தேவைக்கு மேல் பலத்தோடு, அடிபட்டுவிடும் அளவுக்குப் பாய்வது. ஃப்ரீ கிக், சிவப்பு அட்டை. ஆளை வெளியே அனுப்ப வேண்டும். அவருக்குப் பதிலாக இன்னொருத்தரை இறக்க முடியாது.

"பந்தைத்தான் சார் உதைச்சேன்!" என்று நாம் கத்துவோம் இல்லையா? பந்தில் முதலில் கால் பட்டாலும், பாய்ந்த விதம் ஆபத்தாக இருந்தால் அதுவும் ஃபவுல்தான்.

பந்து கையில் பட்டவுடனே "ஹேண்ட்! ஹேண்ட்!" என்று கூப்பாடு போடுவதும் தப்பு. வேண்டும் என்றே கையால் தொட்டாலோ, கையை அகலமாக விரித்து உடம்பைப் பெரிசாக்கிப் பந்தைத் தடுத்தாலோதான் ஃபவுல். உடம்போடு ஒட்டின கையில் பந்து வந்து மோதினால் ஆட்டம் நடக்கும். ஆனால் ஒன்று, தெரியாமல் பட்டாலும் தன் கையில் பட்டு நேராகக் கோலுக்குள் போனால் அந்தக் கோல் செல்லாது.

(ஈ) விசில் ஊதாமல் இருப்பதும் வேலைதான்

பந்தோடு ஓடுகிற பெண்ணை ஒருத்தி இடித்துவிட்டாள். ஆனால் பந்து அவள் தோழியிடம் போய்விட்டது, முன்னால் கோல் காலியாக இருக்கிறது. இப்போது விசில் ஊதினால் யாருக்கு லாபம்? இடித்தவளுக்குத்தான்! அதனால் நடுவர் கையை முன்னால் நீட்டி "ஆடுங்க" என்று காட்டுவார். இதற்கு அட்வான்டேஜ் என்று பெயர். ஓரிரு நொடியில் அந்த லாபம் கிடைக்கவில்லை என்றால் திரும்பி வந்து ஃபவுலே கொடுக்கலாம். ஆனால் பலமாக அடிபட்டு, அதுவும் தலையில் அடிபட்டு யாராவது விழுந்தால், கோலே விழுகிற மாதிரி இருந்தாலும் ஆட்டத்தை நிறுத்தியே ஆக வேண்டும். கோலை அடுத்த ஆட்டத்திலும் போடலாம்.

பந்து நன்றாகத் தெரிகிற மாதிரி வெளியே போனால் விசில் தேவை இல்லை, கையைக் காட்டினால் போதும். எதற்கெடுத்தாலும் பஸ் கண்டக்டர் மாதிரி ஊதிக்கொண்டே இருந்தால், உண்மையான ஃபவுலுக்கு ஊதும்போது யாரும் நிற்க மாட்டார்கள்.

(உ) ஆஃப்சைடு

எல்லோரும் பயப்படுகிற விதி. இப்படி ஞாபகம் வையுங்கள். எதிரணியில் கோல் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற கடைசி ஆள் பெரும்பாலும் கோல்கீப்பர். அவருக்கு அடுத்து நிற்கிறவர் "கடைசிக்கு முந்தின ஆள்". நம்ம அணிக்காரர் பந்தை உதைக்கிற அந்த நொடியில், நாம் எதிரணியின் பாதியில் நின்று, பந்தையும் தாண்டி, அந்தக் கடைசிக்கு முந்தின ஆளையும் தாண்டிக் கோலுக்குப் பக்கத்தில் இருந்தால் ஆஃப்சைடு நிலை. அவருக்குச் சமமாக நின்றால் ஆஃப்சைடு இல்லை. கை கணக்கில் வராது.

அங்கே சும்மா நிற்பது குற்றம் இல்லை. பந்தை ஆடினாலோ, அடுத்தவரை ஆட விடாமல் மறைத்தாலோதான் குற்றம். த்ரோ-இன், கார்னர், கோல் கிக் மூன்றிலிருந்தும் நேராகப் பந்தை வாங்கினால் ஆஃப்சைடே கிடையாது.

பந்து வந்து சேருகிற நேரத்தைப் பார்க்கக் கூடாது, உதைத்த நேரத்தைப் பார்க்க வேண்டும். இதில்தான் வேடிக்கை பார்ப்பவர்கள் எல்லோரும் ஏமாறுகிறோம். நல்லா ஓடுகிற பொண்ணு, உதைத்த பிறகு ஓடி முன்னால் போய்விடுவாள். அவளைப் பார்த்து "ஆஃப்சைடு" என்று கத்துவது அவள் வேகத்துக்குத் தண்டனை கொடுப்பது மாதிரி.

(ஊ) எங்கே நிற்பது?

நடுவர் மைதானத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக ஓட வேண்டும். துணை நடுவர் ரெண்டு பேரும் மற்ற ரெண்டு மூலைப் பக்கம் ஆளுக்குப் பாதி மைதானம் பார்த்துக்கொள்வார்கள். அப்போது ஆட்டம் எப்போதும் ரெண்டு பேர் கண்ணுக்கு நடுவில் இருக்கும். ஒருத்தருக்கு முதுகு மறைத்தாலும் இன்னொருத்தருக்கு முகம் தெரியும்.

(எ) பழைய விதி, புது விதி

ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் சில விதிகள் இப்போது மாறிவிட்டன. சண்டை வருவதற்கு இதுவும் ஒரு காரணம். குறித்துக்கொள்ளுங்கள்.

* ஆட்டம் தொடங்கும்போது பந்தை முன்னால்தான் உதைக்க வேண்டும் என்பது பழசு. 2016 முதல் எந்தப் பக்கமும் உதைக்கலாம்.
* கோல் கிக் பெனால்டி ஏரியாவைத் தாண்டினால்தான் ஆட்டம் என்பது பழசு. 2019 முதல் உதைத்துப் பந்து நகர்ந்தாலே ஆட்டம்தான்.
* 2019 முதல் பயிற்சியாளருக்கும் மஞ்சள், சிவப்பு அட்டை உண்டு. (சார்கள் மன்னிக்கவும்!)
* கோல்கீப்பர் பந்தை 6 நொடிதான் கையில் வைத்திருக்கலாம் என்பது பழசு. 2025 ஜூலை முதல் 8 நொடி. நடுவர் கடைசி 5 நொடியைக் கையைத் தூக்கி விரலால் எண்ணிக் காட்டுவார். தாண்டினால் எதிரணிக்குக் கார்னர்.

இரண்டாம் பதில்: "திட்டு வாங்கணுமே!"

இது உண்மைதான். அதை நான் மறைக்கப் போவதில்லை.

போன வருஷம் ஒரு குறுவட்டப் போட்டி பார்க்கப் போயிருந்தேன். நடுவர் வேறு பள்ளி உடற்கல்வி ஆசிரியர். ஒரு பக்கம் கொடி பிடிக்க ஆள் இல்லாமல், பத்தாம் வகுப்பு படிக்கிற ஒரு அக்காவை நிற்க வைத்தார்கள். அந்த அக்கா ஒரு ஆஃப்சைடுக்குக் கொடி தூக்கினாங்க. உடனே கயிற்றுக்கு வெளியே நின்ற ஒரு பெரியவர், "கொடியைப் போட்டுட்டுப் போய்ச் சோறாக்கு" என்று கத்தினார். சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். அந்தப் பெரியவரைக் கூட்டி வந்த அணியின் பொறுப்பாளரிடம், "இவர் இங்கேருந்து போனாத்தான் ஆட்டம்" என்றார். நாலு நிமிஷம் ஆட்டம் அப்படியே நின்றது. அவர் போன பிறகுதான் விசில் ஊதினார். அந்த அக்காவுக்குக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஆனால் கொடியைக் கீழே போடலை. அடுத்த ஆஃப்சைடுக்கும் நேராகத் தூக்கினாங்க.

வாயால் திட்டுவது எங்கே போய் முடியும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். 2012 டிசம்பரில் நெதர்லாந்து நாட்டில் அல்மேரே என்ற ஊரில் பையன்கள் ஆடின ஒரு கால்பந்து ஆட்டம். அதில் ஆடின ஒரு பையனின் அப்பாவே லைன்ஸ்மேனாக நின்றார். வயசு 41. சம்பளத்துக்கு இல்லை, பிள்ளைங்க ஆடட்டும் என்று கொடி பிடித்தவர். ஆட்டம் முடிந்ததும் எதிரணியில் ஆடின பதினைந்து பதினாறு வயசுப் பையன்கள் அவரைச் சூழ்ந்து அடித்தார்கள். மறுநாள் அவர் ஆஸ்பத்திரியில் இறந்து போனார். அந்த வார இறுதியில் நெதர்லாந்து முழுவதும் அமெச்சூர் கால்பந்து ஆட்டங்களை நிறுத்திவிட்டார்கள். ஒரு நாட்டின் பிள்ளைகளே பந்தைத் தொடவில்லை. அடித்தவர்கள் நம்ம வயசுப் பையன்கள் என்பதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நடுவர் தப்பே பண்ண மாட்டாரா? பண்ணுவார். 1986 உலகக் கோப்பைக் கால் இறுதியில் அர்ஜென்டினாவின் மாரடோனா பந்தைக் கையால் தட்டி இங்கிலாந்துக்கு எதிராகக் கோல் போட்டார். உலகமே பார்த்தது, துனிசியா நாட்டு நடுவர் மட்டும் பார்க்கவில்லை. கோல் கொடுத்துவிட்டார். உலகக் கோப்பையில் வீடியோ பார்த்து முடிவு சொல்லும் முறை 2018-ல்தான் வந்தது. வீடியோ இருக்கும்போதே இன்றைக்கும் சண்டை ஓயவில்லை. நம்ம மைதானத்தில் வீடியோ ஏது? ஒரு ஜோடிக் கண்தான். எதிரே வெயில், நடுவே ஆறு பேர் முதுகு.

ஒரு விஷயம் நிறையப் பேருக்குத் தெரியாது. நடுவர் தன் முடிவு தப்பு என்று உணர்ந்தாலோ, துணை நடுவர் சொன்னாலோ, ஆட்டம் மறுபடி தொடங்குவதற்கு முன்னால் மாற்றிக்கொள்ளலாம். தொடங்கிவிட்டால் மாற்ற முடியாது. அப்புறம் நாம் எவ்வளவு கத்தினாலும் அவரால் முடியாது! கத்துவதற்கு அர்த்தமே இல்லை.

சரி, நியாயம் கேட்கவே கூடாதா? கேட்கலாம். 2024-ல் ஜெர்மனியில் நடந்த ஐரோப்பியக் கோப்பைப் போட்டியில் ஒரு நல்ல ஏற்பாடு செய்தார்கள். அணித்தலைவர் ஒருத்தர் மட்டும் நடுவரிடம் போய் மரியாதையாகக் கேட்கலாம், மற்றவர்கள் சூழ்ந்துகொண்டால் மஞ்சள் அட்டை. பிள்ளைகள் ஆட்டங்களுக்கு இன்னொரு வழியும் விதியில் இருக்கிறது. எதிர்த்துப் பேசுகிறவரைக் கொஞ்ச நேரம் வெளியே உட்கார வைப்பது. மொத்த ஆட்ட நேரத்தில் 10 முதல் 15 சதவீதம். நம்ம 40 நிமிஷ ஆட்டத்துக்கு 4 முதல் 6 நிமிஷம் வரும். கோபம் தணிய அது போதும்.

உங்களுக்குத் தெரியுமா?

மஞ்சள், சிவப்பு அட்டைகள் வந்ததே ஒரு மொழிப் பிரச்சினையால்தான்! 1966 உலகக் கோப்பையில் இங்கிலாந்து – அர்ஜென்டினா ஆட்டத்தில் ஜெர்மனி நாட்டு நடுவர், அர்ஜென்டினா தலைவரை வெளியே போகச் சொன்னார். ஒருவர் பேச்சு இன்னொருவருக்குப் புரியவில்லை. அவர் போக மறுத்து நின்றுவிட்டார். இதைப் பார்த்த கென் ஆஸ்டன் என்ற இங்கிலாந்து நடுவர், கார் ஓட்டிப் போகும்போது டிராஃபிக் சிக்னலைப் பார்த்து, "மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் நில்" என்ற யோசனையைக் கண்டுபிடித்தார். 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் அட்டைகள் முதன்முதலாக வந்தன.

மூன்றாம் பதில்: "பொண்ணு ஊதினா கேப்பாங்களா?"

2022 டிசம்பர் 1. கத்தார் நாட்டில் ஆண்கள் உலகக் கோப்பை. ஜெர்மனியும் கோஸ்டாரிகாவும் மோதின. விசில் பிடித்தவர் பிரான்ஸ் நாட்டு ஸ்டெஃபானி ஃப்ராப்பார். ஆண்கள் உலகக் கோப்பையில் நடுவரான முதல் பெண். ரெண்டு பக்கமும் கொடி பிடித்தவர்களும் பெண்கள்தான். ஒருவர் பிரேசில், இன்னொருவர் மெக்சிகோ. ஜெர்மனி 4–2 என்று ஜெயித்தது. அந்த 22 பேரும் விசில் சத்தத்துக்கு நின்றார்களே!

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம்ம திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவி முதலில் கால்பந்து ஆட்டக்காரர், அப்புறம் நடுவர். 2016-ல் ஃபிஃபா நடுவர் பட்டியலில் இடம் பிடித்தார். தமிழ்நாட்டிலிருந்து அந்த இடத்துக்குப் போன முதல் பெண் அவர்தான். அதற்கு முன்பே, 2002-ல் கொரியாவும் ஜப்பானும் சேர்ந்து நடத்தின உலகக் கோப்பையில் தமிழ்நாட்டுக்காரர் கோமளீஸ்வரன் சங்கர் துணை நடுவராகக் கொடி பிடித்தார். இந்தியா இதுவரை உலகக் கோப்பையில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஆனால் நம்ம ஊர்க் கொடி அங்கே பறந்துவிட்டது, லைன்ஸ்மேன் கொடியாக!

நடுவருக்கு எழுத்துத் தேர்வும் ஓட்டத் தேர்வும் உண்டு. மீசைத் தேர்வு கிடையாது. விதி தெரிந்து, ஆட்டத்துக்குப் பக்கத்தில் ஓடிப் போய் நின்று, தயங்காமல் ஊதினால் கேட்பார்கள். தூரத்தில் நின்று, பயந்து பயந்து மெதுவாக ஊதினால் பையன் ஊதினாலும் கேட்க மாட்டார்கள்.

நம்ம மைதானத்துக்கு என் யோசனைகள்

1. கோலுக்குக் கல் வேண்டாம். ரெண்டு மூங்கில் நட்டு மேலே கயிறு கட்டுவோம். பின்னால் கிழிந்த வாலிபால் நெட்டைக் கட்டினால் உள்ளேயா வெளியேயா என்ற தகராறு பாதி குறையும்.
2. ஒரு ஆட்டத்துக்கு மூன்று பேர். ஒருவர் விசில், ரெண்டு பேர் கொடி. ஆடுகிற ரெண்டு வகுப்பையும் சேராதவர்கள்தான் நிற்க வேண்டும்.
3. தலைவர் மட்டும்தான் நடுவரிடம் பேசலாம். மற்றவர்கள் பேசினால் 5 நிமிஷம் வேப்பமரத்தடி.
4. ஆட்டம் முடிந்ததும் ரெண்டு அணியும் நடுவருக்குக் கை கொடுத்துவிட்டுத்தான் தண்ணீர் குடிக்கப் போக வேண்டும்.
5. பேர் கொடுத்தவர்களுக்குச் சனிக்கிழமை காலை விதி வகுப்பு. சார் சம்மதித்துவிட்டார்.

ஆறு பேர் வேண்டும். ரெண்டு பேர் இருக்கிறார்கள், இன்னும் நாலு பேர். நல்லா ஆடத் தெரிய வேண்டும் என்று இல்லை. அணியில் இடம் கிடைக்கவில்லை என்று வருத்தப்படுகிறவர்களும் வரலாம். ஆட்டம் முழுக்க மைதானத்தின் நடுவிலேயே இருக்கலாம், யாரும் உங்களை மாற்றி வெளியே உட்கார வைக்க முடியாது! பேர் கொடுக்க உடற்கல்வி சார் அறையில் நோட்டு இருக்கிறது. கடைசிப் பக்கம்.

நீங்கள் நடுவர் ஆகத் தயாரா? (சொல்லுங்கள் பார்ப்போம்)

1. த்ரோ-இன் போட்ட பந்து யார் மேலும் படாமல் நேராக எதிரணி கோலுக்குள் போய்விட்டது. கோலா?
2. த்ரோ-இன் பந்து நேராகத் தன் அணி கோலுக்குள்ளேயே போய்விட்டது. என்ன செய்வீர்கள்?
3. உதைத்த பந்து நடுவர் முதுகில் பட்டுக் கோலுக்குள் போனது. கோலா?
4. பெனால்டி உதைத்தவர், கம்பத்தில் பட்டுத் திரும்பி வந்த பந்தை வேறு யாரும் தொடுவதற்கு முன் தானே மறுபடி உதைத்துக் கோலுக்குள் தள்ளினார். கோலா?
5. ஆடுகிற பெண்ணுக்கு முழங்காலில் ரத்தம் வருகிறது. "பரவாயில்லை, ஆடுறேன்" என்கிறாள். விடலாமா?

விடைகள்: 1. இல்லை, கோல் கிக். 2. எதிரணிக்குக் கார்னர். 3. இல்லை, டிராப் பால். 4. இல்லை, எதிரணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக். 5. கூடாது, வெளியே போய் ரத்தம் நின்ற பிறகு, நடுவர் பார்த்துச் சரி என்றால்தான் உள்ளே வரலாம்.

ஐந்தும் சரி என்றால் நோட்டில் பேர் எழுதுங்கள். மூன்று சரி என்றாலும் எழுதுங்கள், சனிக்கிழமை வகுப்பு எதற்கு இருக்கிறது!



– ஒன்பதாம் வகுப்பு மாணவி